ஈப்போவில் வாங்கிய குடுமி

பினாங்கிலிருந்து ஈப்போ வரைக்கும் ரயிலில் அப்பாவு தலைப்பாகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டேதான் வந்தார். ஜன்னல் வழியாகக் காற்று அடித்தால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எதிரே உட்கார்ந்திருந்த அவர் மனைவி வீரம்மாவுக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் வயிற்றெரிச்சல். சிரித்தால் மனுஷன் அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கிவிடுவார் என்று வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

நாகப்பட்டினத்தில் கப்பலேறும்போது அந்தத் தலையில் குடுமி இருந்தது. சாமானியக் குடுமியா? பட்டுக்கோட்டைப் பக்கத்தில் பத்து ஊருக்குத் தெரிந்த குடுமி. பஞ்சாயத்தில் பேச எழுந்தால் முதலில் குடுமியை அவிழ்த்து உதறி, திரும்ப இறுக்கி முடிந்துவிட்டுத்தான் அப்பாவு வாயைத் திறப்பார். சோழியன் குடுமி சும்மா ஆடுமா என்று முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். முகத்துக்கு நேரே பேச ஒருவனுக்கும் துணிச்சல் கிடையாது.

கப்பலில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. புதிதாக வருகிறவர்களை நோய்நொடி பார்த்து அனுப்புவதற்காகப் பினாங்குக்கு எதிரே ஒரு தீவில் முகாம் வைத்திருந்தார்கள். அங்கே கொண்டுபோய்க் கிடத்தினார்கள். தன் நினைவு இல்லை, தலை முழுக்கக் கொப்புளம். மருந்து தடவ வேண்டும், முடியை எடுக்கலாமா என்று கேட்டபோது வீரம்மாதான் தலையை ஆட்டினாள். ஆள் பிழைத்தால் போதும் என்று ஆட்டினாள். ஆள் பிழைத்தார். பிழைத்து எழுந்து தலையைத் தடவிப் பார்த்து, "என்னையும் சேத்து வெட்டச் சொல்லியிருக்கலாமேடி" என்றார். அதற்குப் பிறகு அவளோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

வேறு எவனுக்காவது குடுமி போயிருந்தால் மயிர்தானே, வளரும் என்று விட்டிருப்பான். அப்பாவுவால் அப்படி விட முடியாது. அவர் ஒரே மகன் சன்னாசி, மலாயாவில் பேராக்குப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவன், எட்டு வருஷத்துக்கு முன்னால் ஊருக்கு ஒரு தடவை வந்தான். கிராப்புத் தலையோடு வந்தான். அப்பாவு வாசலில் குறுக்கே நின்றுகொண்டு, "குடுமிய அறுத்தவன் எம் படி ஏறக்கூடாது" என்றார். கடல் தாண்டி வந்த பிள்ளை வாசலுக்கு வெளியே நின்றபடியே தண்ணீர் குடித்தான். வீரம்மா இலையில் சோற்றை வைத்து வேலியோரம் கொண்டுபோய்க் கொடுத்தாள். இரண்டு வாய் தின்றுவிட்டு, "வர்றேம்மா" என்று போனவன்தான். கல்யாணத்தையும் இங்கேயே முடித்துக்கொண்டான். இப்போது அவனுக்கு ஒரு பையன், பெயர் பத்துமலை. வெள்ளிக்கிழமை அந்தப் பேரனுக்கு முதல்முடி எடுக்கிறார்கள். நீங்கள் வராவிட்டால் கூலி ஆட்களோடு ஆளாகக் கப்பலேறிவிடுவேன் என்று வீரம்மா ஒற்றைக்காலில் நின்றபிறகுதான் அப்பாவு அசைந்தார். அதுவும் சும்மா அசையவில்லை. "நான் போயி நின்னா அவன் தன்னால குடுமி வைப்பான், பாருங்கடா" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அப்படிச் சொல்லிவிட்டு வந்த தலைதான் இப்போது தலைப்பாகைக்குள் சொரசொரவென்று இருந்தது.

ஈப்போவில் முகம்மது கௌஸ் மளிகைக் கடை வைத்திருந்தார். அப்பாவுவின் பக்கத்து ஊர்க்காரர், சிறு வயதில் ஒரே குளத்தில் குளித்தவர்கள். ரயிலடியிலிருந்து நேரே அங்கேதான் போனார்கள். கடைக்குள் மிளகாய் வற்றலும் கருவாடும் மணத்தன. வெளியே மதிய மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஊரைச் சுற்றி நின்ற சுண்ணாம்பு மலைகள் மழையில் பாதி மறைந்துபோயிருந்தன.

"வாங்கண்ணே, வாங்கக்கா. உக்காருங்க. கோப்பி போடச் சொல்றேன்" என்று கௌஸ் மூட்டையைத் தட்டி இடம் காட்டினார். "தலப்பாவ எடுங்கண்ணே, நனஞ்சிருக்கு."

"இருக்கட்டும்."

"சளி புடிச்சிக்கும்லா."

"இருக்கட்டும்ங்கறேன்ல."

கௌஸ் வீரம்மாவைப் பார்த்தார். வீரம்மா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அப்பாவு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"பூ, இவ்வளவுதானா?" என்றார் கௌஸ். "பழனிக்கு வேண்டுதல்னு சொல்லிருங்கண்ணே. மொட்டைய யாரு கேக்கப்போறா?"

அப்பாவு விருட்டென்று திரும்பினார். "சாமி பேரச் சொல்லிப் பொய் சொல்லச் சொல்றியா? நான் அப்படிப்பட்ட ஆளில்ல கௌசு. எனக்கு ஒரு வழிதான் இருக்கு. அடுத்த கப்பல்ல ஊருக்குப் போறேன். இவ வேணும்னா போயி மகனக் கொஞ்சிக்கிட்டு வரட்டும்."

இந்த ஆளைப் பற்றி வீரம்மாவுக்குத் தெரியும். இப்போது திரும்பினால் இந்த ஜென்மத்தில் அப்பனும் மகனும் முகம் பார்க்கப் போவதில்லை. இருவரில் ஒருவருக்குக் கொள்ளி வைக்கும்போதுதான் மற்றவர் வருவார், அதற்கும் கப்பல் சரியான நேரத்தில் வர வேண்டும். அவள் கோப்பியை ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கேட்டாள்.

"பாய், இந்த ஊர்ல வேஷக்காரங்க தலையில வச்சிக்கிற முடி கெடைக்குமா?"

அப்பாவு, "என்னடி பேசுற" என்றார். ஆனால் எழுந்து போகவில்லை. அதைக் கவனித்த வீரம்மாவுக்குத் தெம்பு வந்துவிட்டது.

"சாமி பேரச் சொல்லித்தானே பொய் சொல்லமாட்டீங்க? இதுல சாமி எங்க வந்துச்சு? ஒங்க தலை, ஒங்க முடி. கொஞ்ச நாளைக்கி எரவல்."

"பாத்தாத் தெரியாம இருக்கணும்" என்றார் அப்பாவு, தரையைப் பார்த்துக்கொண்டு.

ஈப்போவில் அப்போது தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு நாடகக் கோஷ்டி கொட்டகை போட்டிருந்தது. மழை விட்டதும் கௌஸ் முதலில் அங்கே அழைத்துப் போனார். வேஷச் சாமான் பார்க்கிற ஆள் ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்து டோப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டான். சணல் நாரில் கரி பூசியது, கம்பளி நூலில் முறுக்கியது. ஒன்றை எடுத்து அப்பாவுவின் தலையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தான்.

"ராஜா மாதிரி இருக்கீங்க பெரியவரே" என்றான்.

"ராஜாவா?" என்றாள் வீரம்மா. "எம்புள்ள பாத்தா சூரபத்மன் வந்துட்டான்னு வேலத் தூக்கிட்டு வருவான். எடுங்க, எடுங்க."

"தூரத்துலேர்ந்து பாத்தாத் தெரியாதும்மா. வெளக்கு வெளிச்சத்துல..."

"நாங்க பட்டப்பகல்ல போறோம் தம்பி."

வெளியே வந்ததும் அப்பாவு, "சொன்னேன்ல, ஆகாதுன்னு" என்று முணுமுணுத்தார். ஆனால் அடுத்த இடம் எங்கே என்று அவர்தான் கேட்டார். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

ஆற்றங்கரைப் பக்கத்தில் சீனர் சந்து ஒன்றில் ஒரு கிழவரின் கடை இருந்தது. உள்ளே ஒரு ஆள்தான் நிமிர்ந்து நிற்கலாம். சுவரில் ஆணி அடித்து நீள நீளமாக முடிச்சடைகளைப் புகையிலைக் கட்டுப் போலத் தொங்கவிட்டிருந்தார். சீனப் பெண்கள் கொண்டைக்குள் வைத்துக்கொள்ளும் முடி அவர் வியாபாரம். கௌஸ் மலாயில் விஷயத்தைச் சொன்னார். கிழவர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து அப்பாவுவின் தலைப்பாகையை மெல்ல எடுத்தார். கொப்புளம் ஆறிய வடுவை விரலால் தொட்டுப் பார்த்து நாக்கால் 'ச்சு' கொட்டினார். எட்டு நாளாக ஒருவரையும் தொடவிடாத தலையை அப்பாவு அந்தக் கிழவரிடம் பேசாமல் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தலையில முடி இல்லாம ஒட்டாதுங்கறாரு" என்று கௌஸ் சொன்னார். "தலப்பாவுக்கு உள்ள வச்சுத் தச்சிருவாராம். பின்கழுத்துல முடிச்சு மட்டும் வெளிய தெரியுமாம். தலப்பாவ எடுக்காத வரைக்கும் அவுங்க சாமியே வந்தாலும் கண்டுபுடிக்க முடியாதாம்."

"இவருக்கு எப்படி இது தெரியும்? இவுங்களுக்குத்தான் குடுமி கெடையாதே" என்றாள் வீரம்மா.

கௌஸ் கேட்டார். கிழவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே நீளமாகப் பேசினார்.

"முந்தி இவுங்க ஆம்பளைங்க எல்லாருக்கும் பின்னால சடை இருந்துச்சுல்லக்கா. இங்க ஈயம் தோண்ட வந்தவங்கள்ல சில பேரு அத வெட்டிட்டாங்களாம். ஊருக்குத் திரும்பறப்ப பயம். சீனாவுல சடை வைக்கணும்னு ராஜா உத்தரவு, இல்லன்னா அவரு ஆளுங்க புடிச்சிருவாங்க. அதனால தொப்பிக்குள்ள சடையத் தச்சு வாங்கிட்டுப் போவாங்களாம். இவரு வயசுல பாதி அந்தத் தொப்பி தச்சே போச்சாம். அப்புறம் அங்க ராஜாவே போயிட்டாரு. ஒடனே எல்லாரும் இங்க வந்து சடைய வெட்டுனாங்களாம். சிரிச்சிக்கிட்டுக் கொஞ்சம் பேரு, அழுதுக்கிட்டுக் கொஞ்சம் பேரு. இங்க தொங்குறது பாதி அந்த முடிதான்."

வீரம்மா சுவரை அண்ணாந்து பார்த்தாள். இத்தனை பேர் தலையா என்று இருந்தது. "தொப்பி போட்டுட்டுப் போனவங்கள ஆத்தாக்காரிங்க கண்டுபுடிச்சிருப்பாங்களே, கேளுங்க" என்றாள்.

கிழவர் அதைக் கேட்டு முதல் தடவையாகச் சிரித்தார்.

"எந்த ஆத்தாவும் தொப்பியப் பாக்கமாட்டாளாம். மூஞ்சியத்தான் பாப்பாளாம்."

அதற்கப்புறம் வேலை வீரம்மாவினுடையது. முப்பது வருஷமாக அந்தக் குடுமிக்கு எண்ணெய் தேய்த்துச் சிக்கெடுத்துப் பேன் பார்த்தவள் அவள். கிழவர் எடுத்துக் காட்டிய முதல் சடையைத் தொட்டதுமே வேண்டாம் என்றாள். "இது எளந்தாரி முடி. கருகருன்னு இருக்கு." இரண்டாவதில் நரை கூடிப்போயிருந்தது. "இவருக்கு இன்னும் அவ்வளவு வயசாகலை." அப்பாவு அதைக் கேட்டு லேசாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "நரை எல்லாம் மேல இருக்கக்கூடாது பாய், காதுக்குப் பின்னாலேருந்து ஓடி வர்றாப்பல இருக்கணும். அடியில செம்பட்டை. வெயில்ல நிக்கிற ஆளு." கௌஸுக்குச் செம்பட்டைக்கு மலாய் வார்த்தை கிடைக்காமல் சந்தில் கட்டியிருந்த ஒரு நாயைக் கை காட்டினார். கிழவர் புரிந்துகொண்டு மூன்று சடைகளைப் பிரித்து, ஒன்றிலிருந்து கொஞ்சம், இன்னொன்றிலிருந்து கொஞ்சம் என்று எடுத்துக் கலந்தார். வீரம்மா அதை வாங்கி முடிந்து காட்டினாள். குடுமி முடிகிற சுழிப்பு கிழவருக்குப் புதிது. இரண்டு தடவை அவிழ்த்துக் காட்டியதும் பிடித்துக்கொண்டார்.

கடைசியில் அவள் தன் பையிலிருந்து தேங்காயெண்ணெய்ச் சீசாவை எடுத்து உள்ளங்கையில் ஊற்றிப் பூசினாள். அதுவரைக்கும் யாருடையதோ மாதிரி இருந்த முடி எண்ணெய் பட்டதும் அப்பாவுவினுடையதாகிவிட்டது. தலைப்பாகையை வைத்து, கிழவர் முன்னால் ஒரு கண்ணாடியும் பின்னால் ஒரு கண்ணாடியும் பிடித்தார். அப்பாவு இந்தப் பக்கம் திரும்பினார், அந்தப் பக்கம் திரும்பினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ம். வண்டி எப்ப?" என்றார். போன அப்பாவு திரும்ப வந்துவிட்டார்.

மறுநாள் மாட்டு வண்டியில் தோட்டத்துக்குக் கிளம்பினார்கள். குனோங் ராபாட் என்ற ஊரைத் தாண்டும்வரை வண்டிமாட்டின் சுழியைப் பற்றியே அப்பாவு வண்டிக்காரனுக்குப் பாடம் சொல்லிக்கொண்டு வந்தார். இந்த மாட்டை எவன் வாங்கினான், கண் இருந்ததா அவனுக்கு. வண்டிக்காரன் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. பால் வடியும் வெட்டுவாயில் கட்டிய சிரட்டைகளில் காலை மழைத்தண்ணீர் நிரம்பி, பால் கெட்டுப் போய்க்கிடந்தது. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் சம்பளம் இல்லை என்றான் வண்டிக்காரன். அவன் அன்றைக்குப் பேசியது அவ்வளவுதான்.

லயத்து முனையில், கூலிக்காரர்களின் வீட்டு வரிசை ஆரம்பிக்கும் இடத்தில், சன்னாசி நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் அவன் மனைவி செல்லாயி இடுப்பில் குழந்தையோடு. சன்னாசி தலையில் ஒரு துண்டைச் சுற்றியிருந்தான். வண்டி நின்றதும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அப்பன் காலில் விழுந்தான். விழுந்த பிள்ளையின் பிடரியில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு குடுமி இருந்தது.

வீரம்மா வண்டியிலிருந்து குதித்து இறங்கினாள்.

"ஒங்களுக்காகத்தாம்ப்பா" என்றான் சன்னாசி எழுந்து. "நீங்க வர்றதா கௌஸ் மாமா கடையிலேருந்து சேதி வந்த நாள்லேர்ந்து வளக்குறேன். ரொம்ப வளரலை. நான் மாமா கடைப்பக்கமே போகலை, ஈப்போவுல எல்லாரும் சிரிப்பாங்கன்னு. இவதான் போயிச் சாமான் வாங்கியாருவா."

அப்பாவு மகனைத் தூக்கி நிறுத்தி, தோளைப் பிடித்துத் திருப்பி, அந்தச் சுண்டைக்காயைத் தொட்டுப் பார்த்தார். முகம் பூரித்துப் போய்விட்டது. லயத்து ஆட்களெல்லாம் வெளியே வந்து நின்றார்கள். "பாத்தீங்களா? ரத்தம்னா இதுதான்" என்று அவர்களிடம் உரக்கச் சொன்னார். "சீமைக்கி வந்தா என்ன, கடலத் தாண்டுனா என்ன? எம்புள்ள எம் பேச்சுக்கு வந்துட்டான்." சொல்லிக்கொண்டே தன் பிடரியில் தொங்கிய ஈப்போச் சரக்கை ஒரு தடவை நீவிவிட்டுக்கொண்டார். வீரம்மாவுக்கு அந்த இடத்திலேயே அவரைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கலாம் போல ஆத்திரம் வந்தது. பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆத்திரமும் அழுகையில் சேர்ந்து போயிற்று.

சாயங்காலம் செல்லாயி அடுப்பில் நெத்திலிக் குழம்பு கொதிக்கவைத்து, மரவள்ளிக்கிழங்கை அவித்து இறக்கினாள். வீரம்மா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கிழங்கைத் தோலுரித்துக் கொடுத்தாள். ஆம்பிளைகள் வெளியே பேசிக்கொண்டிருந்தார்கள். பேசியது அப்பாவு மட்டும்தான்.

"அத்தே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றாள் செல்லாயி.

"சொல்லு தாயி."

"மாமாகிட்ட நீங்கதான் எடுத்துச் சொல்லணும். நாளைக்கி முடியெடுப்பு முடிஞ்சதும் இவரும் குடுமிய எடுத்துக்கட்டும்னு. இவருக்கு வேலை ஸ்டோர்ல. பால உறைய வச்சு உருளை மிஷின்ல குடுத்து ரொட்டி மாதிரி தட்டையாக்குவாங்க பாருங்க, அங்க. கைய நீட்டிக் குனிஞ்சு குடுக்கணும். முந்தி எல்லாரும் குடுமியோடதான் நின்னாங்க. பக்கத்துல நின்ன ஒரு ஆளுக்கு அவுந்து விழுந்த முடிய மிஷினு இழுத்துருச்சு."

"ஐயோ."

"தோலோட வந்துருச்சு அத்தே. பொழைக்கலை. அந்த ஆளத் தூக்கிட்டுப் போனது இவருதான். அன்னிக்கி ராத்திரியே கத்தி எடுத்துக் குடுமிய வெட்டிக்கிட்டாராம். அப்புறந்தான் ஊருக்கு வந்தது."

வீரம்மா உரித்துக்கொண்டிருந்த கிழங்கைக் கீழே வைத்தாள். "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"சொல்ல எங்க விட்டாங்க? வாசல்லயே நிறுத்திட்டாங்கன்னு சொல்லுவாரு. இப்ப இத வளக்க ஆரம்பிச்சதுலேருந்து தெனமும் துண்டக் கட்டிக்கிட்டுத்தான் மிஷின்ல நிக்கிறாரு. போன மாசம் துண்டு நழுவி முனைய இழுத்துருச்சு. பக்கத்துல இருந்தவன் நிறுத்திட்டான். நான் அன்னிக்கி சோறு திங்கலை. 'அப்பா வந்து பாத்துட்டுப் போகட்டும், அதுவரைக்கும் இருக்கட்டும்'ங்கறாரு. இப்ப மாமா, எப்பவும் இப்படியே இருக்கணும்னு சத்தியம் வாங்கப்போறாராம். இவரு மாட்டேன்னு சொல்லமாட்டாரு அத்தே. எனக்கு பயமா இருக்கு."

வீரம்மா கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனாள். சன்னாசி தண்ணீர் எடுக்கப் போயிருந்தான். அப்பாவு கயிற்றுக் கட்டிலில் தலைப்பாகையோடு சாய்ந்திருந்தார். அவள் நின்றபடியே, செல்லாயி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். அவர் முதலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தோலோடு வந்தது என்றபோது எழுந்து உட்கார்ந்தார்.

"நான் சொன்னனா, மிஷின்ல போயி நில்லுன்னு?" என்றார். குரலில் பழைய கட்டு இல்லை.

"நீங்க எதுவும் கேக்கலைங்க. கேக்காமயே வெரட்டுனீங்க."

"காலைல பாத்துக்கலாம்."

"ஒங்க தலைக்கி எண்ணெய் போட்டு ஊரு ஊரா அழைச்சிட்டு வந்தது நான். எம்புள்ளயப் பாக்கணும்னு செஞ்சேன். பாத்துட்டேன். நாளைக்கி நான் வாயத் தொறக்கமாட்டேன். ஒங்க தலப்பா, ஒங்க பாடு."

தோட்டத்து மாரியம்மன் கோயில் என்பது ஒரு பெரிய மரத்தடியும் தகரக் கொட்டகையும்தான். வெள்ளிக்கிழமை காலையில் லயமே அங்கே கூடிவிட்டது. பொங்கல் பானை கொதித்துக்கொண்டிருந்தது. செல்லாயியின் அண்ணன், குழந்தையின் தாய்மாமன், மனைப்பலகையில் உட்கார்ந்து பத்துமலையை மடியில் வைத்துக்கொண்டான். நாவிதர் கத்தியைத் தீட்டினார். பூசாரி இராமசாமி கற்பூரத்தட்டை எடுத்துக்கொண்டு வந்தவர், அப்பாவுவைப் பார்த்து நின்றார்.

"பெரியவரே, தலப்பாவ எடுத்துருங்க."

"இருக்கட்டும். எனக்குச் சளி."

"ஆத்தாவுக்கு முன்னால யாருக்கும் தலப்பா கெடையாதுங்க. பெரிய கங்காணியே எடுத்துட்டுத்தான் நிப்பாரு. தாத்தா கையால மொதல் தண்ணி தெளிக்கணும். எடுங்க."

அப்பாவு வீரம்மாவைப் பார்த்தார். வீரம்மா பொங்கல் பானையைப் பார்த்தாள். ஊரில் எத்தனையோ பஞ்சாயத்தை ஒரு வார்த்தையில் முடித்த மனுஷன் அன்றைக்குத் தலைப்பாகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் யாரோ, என்ன இந்தக் கிழவன் ஆத்தாவுக்கே அடங்கமாட்டான் போலருக்கே என்று முணுமுணுத்தார்கள்.

சன்னாசி முன்னால் வந்து பூசாரியிடம் கையைக் கூப்பினான்.

"சாமி, அப்பா காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்ச ஒடம்பு. காத்துப் பட்டா ஆகாது. குத்தம்னா எம்மேல இருக்கட்டும். அபிஷேகம் பண்ணி மன்னிப்புக் கேட்டுக்கறேன். அவர விட்டுருங்க. அத்தனை தூரம் எனக்காக வந்துருக்காரு."

அவன் குனிந்து கும்பிட்டபோது அந்தச் சின்னக் குடுமி முடிச்சு அவிழ்ந்து கழுத்தில் விழுந்தது. முனையில் ஒரு பக்கம் மிஷின் இழுத்த இடம் குட்டையாகத் தெரிந்தது. அப்பாவு அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இரண்டு கையையும் தலைக்குக் கொண்டுபோய்த் தலைப்பாகையைத் தூக்கினார். குடுமியும் அதோடு வந்தது.

குழந்தை தாய்மாமன் மடியில் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. அப்பாவு வடுவும் சொரசொரப்புமான தலையோடு, கையில் அந்தத் துணியையும் முடியையும் வைத்துக்கொண்டு நின்றார்.

"கப்பல்ல காய்ச்சல் வந்து வெட்டிட்டாங்கடா" என்றார் மகனிடம். "இது ஈப்போவுல வாங்குனது. ஒன்ன எம் படி ஏறாதேன்னேன். ஒம் படி ஏற எனக்கு எவனோ ஒரு சீனன் முடி வேண்டியிருந்துச்சு."

சன்னாசிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நேத்து வந்ததுலேர்ந்து இத வச்சிக்கிட்டுத்தான் ஒங்கிட்ட சட்டம் பேசுனேன்" என்றார் அப்பாவு. "ஒங்காத்தா எல்லாத்தையும் சொன்னா. மிஷின் விஷயமும் சொன்னா. நீ வாசல்ல நின்னப்ப ஏண்டா வெட்டுனேன்னு ஒரு வார்த்தை நான் கேக்கலை. இப்ப கேக்குறேன். ஒனக்கு இது புடிச்சிருக்காடா?"

சன்னாசி பிடரியைத் தடவிக்கொண்டான்.

"அரிக்குதுப்பா" என்றான்.

முதலில் சிரித்தது நாவிதர்தான். அப்புறம் லயம் முழுக்கச் சிரித்தது. அப்பாவுவும் சிரித்தார், சிரிப்பு பாதியில் உடைந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு நாவிதரிடம், "மொதல்ல இவனுக்கு எடுப்பா" என்றார். பூசாரி குழந்தைக்குத்தான் முதலில் என்று என்னவோ சொல்ல வந்தார். வீரம்மா அதுவரைக்கும் மூடியிருந்த வாயைத் திறந்தாள்.

"சாமி, பேரன் பொறக்கறதுக்கு முந்தியே காத்துக்கிட்டிருந்தவன் அவன். அவனுக்கு ஆகட்டும், அப்புறம் கொழந்தைக்கி."

தாய்மாமன் குழந்தையோடு எழுந்து மனைப்பலகையை விட்டுக்கொடுத்தான். சன்னாசி அதில் உட்கார்ந்தான். நாவிதர் தண்ணீரைத் தொட்டு அவன் தலையில் தடவினார். அப்பாவு அவன் முன்னால் குந்தி உட்கார்ந்து, கத்தி படும்போது அசையாமல் இருக்க, இரண்டு வயதுப் பிள்ளையைப் பிடிப்பதுபோல மகனின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.